வீடு தேடிப் போய் அவசர மனநல மருந்து கொடுத்தல்: செவிலியருக்கான முழுமையான வழிகாட்டி

“சிஸ்டர், மூணு நாளா தூங்கல. கதவை எட்டி உதைக்கிறான். வந்து ஒரு ஊசி போட்டுட்டுப் போங்க.” சமூக மனநலப் பணியில் இருக்கும் செவிலியர் எவருக்கும் இந்த அழைப்பு ஒருநாள் வந்தே தீரும். புதிதாக வருபவர்கள் ஊசி போடுவதில் தடுமாறுவதில்லை. அந்தக் கை வார்டிலேயே பழகிவிடுகிறது. எதைக் கேட்ட பிறகு பெட்டியைத் திறப்பது, யாருடைய சொல்லுக்குப் பிறகு ஆம்பியூலை (ஊசி மருந்து இருக்கும் சிறு கண்ணாடிக்குப்பியை) உடைப்பது என்ற வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். வார்டில் அந்த வரிசையை வேறு யாரோ நமக்காகப் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டு வாசலில் அப்படி யாரும் இல்லை.

இங்கே சொல்லப்படுவது இந்தியச் சட்டப்படியான நடைமுறை. மருந்தளவுகள் உங்களுக்குப் பழக்கம் வருவதற்காகக் குறிப்பிடப்படுபவை. நோயாளிக்கு உரிய அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

1. உங்கள் எல்லை எதுவரை

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 94-ஆம் பிரிவு, மருத்துவமனையில் மட்டுமல்லாமல் சமூகத்திலும், அதாவது வீட்டிலோ தெருவிலோகூட, அவசர சிகிச்சை தரலாம் என்கிறது. ஆனால் அந்த அதிகாரத்தை அது பதிவுபெற்ற மருத்துவருக்கே கொடுத்திருக்கிறது. அவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலரும் உத்தரவிடலாம். செவிலியர் அந்த உத்தரவை நிறைவேற்றுகிறவர்.

106-ஆம் பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். தன் தொழில்துறை அனுமதிக்காத மருந்தையோ சிகிச்சையையோ மனநலப் பணியாளர் எவரும் குறிப்பிடவோ பரிந்துரைக்கவோ கூடாது என்கிறது அது. சட்டத்தை முதல்முறை மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

“போன மாசம் டாக்டர் இதே ஊசியைத்தான் எழுதினார், அதையே போட்டுவிட்டேன்.” புதியவர்களிடம் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது. போன மாத உத்தரவு போன மாத நிலைமைக்கு எழுதியது. இன்று காய்ச்சல் இருக்கலாம், குடித்திருக்கலாம், கர்ப்பமாக இருக்கலாம். இன்றைய நிலையை ஒரு மருத்துவர் கேட்டுத் தெரிந்துகொண்டு, இன்றைக்கென்று ஒரு உத்தரவு தர வேண்டும்.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

அழைப்பு வந்த பிறகு தேடினால் எதுவும் கிடைக்காது. பெட்டி எப்போதும் தயாராக இருக்க வேண்டும்: குளுக்கோமீட்டரும் பட்டைகளும், பி.பி. கருவி, பல்ஸ் ஆக்சிமீட்டர், தெர்மாமீட்டர், டார்ச், ஊசிக்கழிவுப் பெட்டி, ஆம்பு பை (மூச்சு குறைந்தால் கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் பை), கையுறை, கேஸ் குறிப்பேடு.

மருந்துகளில் முக்கியமாக மூன்றைக் கவனியுங்கள். பதற்றம் தணித்துத் தூக்கம் தரும் லோராசிபம் ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த தேதியை ஆம்பியூல் அட்டையில் எழுதாமல் பையில் போடாதீர்கள். ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தின் சாதாரண ஊசியும் நீண்டநாள் ஊசியும் ஒரே பெட்டியில் இருக்கவே கூடாது. ஏன் என்பதை 7-ஆவது பகுதியில் சொல்கிறேன். புரோமெதசின் இல்லாமல் ஹாலோபெரிடாலை மட்டும் எடுத்துப் போகாதீர்கள்.

தொடர்பு எண்களைக் காகிதத்தில் எழுதிப் பெட்டி மூடிக்குள் ஒட்டுங்கள்: பணியில் இருக்கும் மருத்துவர், அவர் எடுக்காவிட்டால் அடுத்தவர், 108, 112, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. போன் சார்ஜ் தீர்ந்த இரவில் அந்தக் காகிதம் கைகொடுக்கும்.

தனியாகப் போகாதீர்கள். இருவர் போக முடியாத நிலை என்றால், வீட்டுக்குப் போவதற்குப் பதில் ஆம்புலன்ஸை அனுப்புவதே சரி.

3. வாசலில் முதல் ஐந்து நிமிடம்

உள்ளே நுழையும் முன் வெளியே இருக்கும் வீட்டாரிடம் மூன்று கேள்விகள்: கையில் ஆயுதம் ஏதும் இருக்கிறதா, குடித்திருக்கிறாரா, உள்ளே வேறு யார் இருக்கிறார்கள்? அரிவாளோ கத்தியோ இருக்கிறது என்றால் நீங்கள் உள்ளே போகக் கூடாது. 112-ஐ அழைத்துவிட்டு விலகி நில்லுங்கள். காவலர்கள் வந்து, தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரைத் தங்கள் பாதுகாப்பில் எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு மதிப்பீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது 100-ஆம் பிரிவு. லாக்கப்பில் வைக்கவே கூடாது. இதைக் காவலர்களிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் உங்களிடம்தான் வரும்.

உள்ளே போனதும் அறையின் கதவுக்கும் உங்களுக்கும் நடுவே யாரும் நிற்காதபடி நில்லுங்கள். அவருக்கும் வெளியேற வழி இருக்கட்டும். அடைபட்டதாக உணர்கிறவர்தான் அடிக்கிறார். ஒருவர் மட்டும் பேசுங்கள். “அண்ணே, நான் நர்ஸ், உங்களைப் பார்த்துட்டுப் போகத்தான் வந்தேன்” என்ற அளவில் சின்ன வாக்கியங்களாகப் பேசுங்கள். உறவினர் கூட்டம் ஒரே நேரத்தில் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தால், அவர்களை வெளியே அனுப்புவதே முதல் சிகிச்சை. பாதி வீடுகளில் இதற்கே குரல் தணிந்துவிடும்.

4. இது மனநோய்தானா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போவதுதான் உயிரைப் பறிக்கிறது. சர்க்கரை குறைந்தவர் கத்துவார், அடிப்பார். மூளைக்காய்ச்சல் வந்தவர் இல்லாத மனிதர்களோடு பேசுவார். தலையில் அடிபட்டவர் குழம்புவார். குடியை இரண்டு மூன்று நாளாக நிறுத்தியவர் கை நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார். இவர்கள் எல்லோரையும் வீட்டார் ஒரே சொல்லில்தான் சொல்வார்கள்: “புத்தி பேதலிச்சிடுச்சு.”

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், காய்ச்சல், நாடி, ஆக்சிஜன் அளவு. தொட விடவில்லை என்றால் குறைந்தபட்சம் மூச்சையும் வியர்வையையும் கண்ணால் பாருங்கள். இன்று தேதி என்ன, இது யார் வீடு என்று கேளுங்கள். மனநோயில் பொதுவாக நினைவும் இடமும் தெளிவாக இருக்கும், எண்ணம்தான் பிறழ்ந்திருக்கும். நேரமும் இடமும் குழம்பி, அரைமணிக்கு ஒருமுறை தெளிவதும் மங்குவதுமாக இருந்தால் அது உடல்நோய். அவருக்கு மயக்க ஊசி போட்டுப் படுக்கவைத்தால் உள்ளே ஓடும் நோய் மறைந்துகொள்ளும். உடனே 108.

மதுவை நிறுத்தியதால் வந்த குழப்பத்துக்கு ஹாலோபெரிடால் மட்டும் போடுவது இன்னொரு ஆபத்து. அது வலிப்பு எளிதில் வரச் செய்கிறது. இவருக்கு லோராசிபம் போன்ற பென்சோடயாசிபைன் வகை மருந்தும் தயமினும் (வைட்டமின் பி1) மருத்துவமனைப் பார்வையில் தேவை.

5. சட்டம் சொல்லும் ‘அவசரம்’ இதுதானா

94-ஆம் பிரிவு மூன்று காரணங்களை மட்டும் ஏற்கிறது. நோயாளியின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ மீள முடியாத கேடு வரும் நிலை. அவர் தனக்கோ பிறருக்கோ கடுமையான தீங்கு செய்யும் நிலை. மனநோயின் நேரடி விளைவாகச் சொத்துக்குக் கடும் சேதம் விளைவிக்கும் நிலை. இவற்றைத் தடுக்க மருந்து உடனடியாகத் தேவைப்பட வேண்டும்.

சத்தம் போடுவது இந்தப் பட்டியலில் இல்லை. அண்டை வீட்டார் புகார் சொல்வதும், நாளை வீட்டில் விசேஷம் இருப்பதும், தாய்க்குத் தூக்கமில்லாததும் இல்லை. ஒரு தாயின் களைப்பு எனக்குப் புரியாததல்ல. அவருக்கு உதவி தேவை, ஆனால் அந்த உதவி மகன் உடம்பில் ஏற்றும் ஊசியாக இருக்க முடியாது. நாளைக்கே மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். இன்றிரவு வேறு உறவினர் யாராவது கூட இருக்க முடியுமா என்று கேளுங்கள்.

மூன்றில் எது என்பதை மனத்துக்குள் ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். “கிணற்றில் குதிக்க இரண்டுமுறை ஓடினார், தம்பி இழுத்துப் பிடித்திருக்கிறார்.” இப்படிக் கண்ணால் கண்டதாகச் சொல்ல முடிந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள். அதே வாக்கியம்தான் மருத்துவரிடம் சொல்வதற்கும், கடைசியில் குறிப்பேட்டில் எழுதுவதற்கும்.

6. மருத்துவரின் உத்தரவும் ஒப்புதலும்

மருத்துவர் கூடவே வந்திருந்தால் எழுதி வாங்குங்கள். போனில் என்றால் இந்த வரிசையில் சொல்லுங்கள்: வயது, பால், தெரிந்த நோய், இப்போது எடுக்கும் மருந்துகள், கடைசியாக எப்போது எடுத்தார், ஒவ்வாமை, மதுவோ போதையோ, கர்ப்பமா, இதய நோய் உண்டா, இப்போதைய நாடி, பி.பி., மூச்சு, சர்க்கரை. பிறகு அந்த ஒரு வாக்கியம். தகவல் வரிசையாகப் போனால் மருத்துவருக்கு முடிவெடுக்க இரண்டு நிமிடம் போதும். சிதறிச் சிதறிச் சொன்னால் அவரும் பதறி, “சரி சரி, போட்டுடுங்க” என்பார். ‘போட்டுடுங்க’ என்பது உத்தரவு ஆகாது.

உத்தரவில் இருக்க வேண்டியவை: மருந்தின் பெயர், மில்லிகிராம், எந்த வழி, எத்தனை முறை, அடுத்த டோஸுக்கு எவ்வளவு இடைவெளி, எதைக் கண்டால் நிறுத்துவது. அவர் சொன்னதைத் திரும்பப் படித்துக் காட்டி ‘சரி’ என்று வாங்குங்கள். உடன் வந்தவரும் ஸ்பீக்கரில் கேட்கட்டும். நேரத்தையும் மருத்துவரின் பதிவு எண்ணையும் எழுதி, உங்கள் நிறுவன விதி சொல்லும் காலத்துக்குள் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுநெறிகள், போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துகளைத் தொலைமருத்துவம் வழியாக எழுதப் பொதுவாகத் தடை விதிக்கின்றன. லோராசிபமும் டயசிபமும் அந்தப் பட்டியலில் வருகின்றன. ஆகவே ஒருவருக்கு இவை தேவைப்படலாம் என்று தெரிந்தால், நெருக்கடிக்கு முன்பே மருத்துவர் நேரில் பார்த்து எழுதிய திட்டம் கோப்பில் இருக்க வேண்டும். அதில்லாமல் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் செய்தியை நம்பி லோராசிபத்தை உடைக்காதீர்கள்.

ஒப்புதலைப் பொறுத்தவரை முதலில் நோயாளியிடமே கேளுங்கள். கத்துகிறவரால் முடிவெடுக்க முடியாது என்று நாமே நினைத்துக்கொள்ளக் கூடாது. “ஊசியா, மாத்திரையா, எது வேணும்?” என்று கேட்டதும் கையை நீட்டியவர்கள் பலர். அவரால் முடியாதபோது, நியமனப் பிரதிநிதி (அவர் சார்பில் முடிவெடுக்கச் சட்டம் ஏற்கும் நபர்) கிடைக்கும் நிலையில் இருந்தால் அவருடைய ஒப்புதல் கட்டாயம். நோயாளி ஏற்கெனவே எழுத்தில் யாரையும் நியமிக்கவில்லை என்றால் 14-ஆம் பிரிவின் வரிசைப்படி உறவினர், அவர் இல்லையேல் பராமரிப்பவர். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்குச் சட்டப்படியான காப்பாளர். யாருமே இல்லை என்பதற்காக உயிர் காக்கும் சிகிச்சை நிற்க வேண்டியதில்லை. ஆனால் தேடியதையும் கிடைக்காததையும் நேரத்தோடு எழுதுங்கள்.

அவரே நலமாக இருந்தபோது “எனக்கு இந்த மருந்து வேண்டாம்” என்று முன்கூட்டிய அறிவுறுத்தல் எழுதி வைத்திருக்கலாம். அவசர சிகிச்சைக்கு அது தடையாகாது. ஆனாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு மருந்தால் முன்பு கழுத்து முறுக்கிக்கொண்டதால்தான் அப்படி எழுதியிருப்பார்.

7. மாத்திரை முதலில், ஊசி பிறகு

வாயால் எடுக்கச் சம்மதித்தால் ஊசி வேண்டாம். வாயில் கரையும் மாத்திரையாக ஓலன்சபைன் என்ற மனநோய் மருந்து கிடைக்கிறது. கன்னத்தில் ஒளித்துவைத்துத் துப்புவது இதில் கடினம். வாய்வழி மருந்து வேலை செய்ய அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகும் என்பதை வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பத்தாவது நிமிடமே “ஒண்ணும் கேக்கலையே சிஸ்டர்” என்று நெருக்குவார்கள்.

ஊசிதான் என்று முடிவானால் நம் நாட்டில் பரவலாகப் பழகியது ஹாலோபெரிடாலும் புரோமெதசினும் சேர்ந்த முறை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இதை லோராசிபத்தோடும், பிறகு ஓலன்சபைன் ஊசியோடும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். புரோமெதசின் தூக்கம் தருவதோடு, ஹாலோபெரிடால் தனியாகப் போனால் வரும் தசைமுறுக்கத்தையும் தடுக்கிறது. அதைத் தேவையில்லாத கூடுதல் ஊசி என்று நினைத்து விட்டுவிடுவது பெரிய தவறு.

ஆம்பியூலைப் படிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தங்கை, டார்ச் வெளிச்சத்தில் ‘ஹாலோபெரிடால்’ என்ற எழுத்தைப் பார்த்ததும் உடைத்து, சிரிஞ்சில் இழுக்க ஆரம்பித்தாள். மருந்து ஏறவில்லை. தண்ணீர்போல் சட்டென்று வர வேண்டியது, தேன்போல மெல்ல இழுபட்டது. லேசான மஞ்சள். “ஏன்க்கா இப்படி வருது?” என்று அவள் கேட்ட அந்தக் கேள்விதான் அன்று காப்பாற்றியது. அது ஹாலோபெரிடால் டெகனோவேட், மாதம் ஒருமுறை போடும் எண்ணெய் ஊசி. நல்லெண்ணெயில் கரைத்துத் தயாரிப்பது. சாதாரண ஊசி ஒரு மி.லி.க்கு 5 மி.கி. இருக்கும். இது பெரும்பாலும் 50 மி.கி. போட்டிருந்தால் அன்றிரவு எந்தப் பயனும் இருந்திருக்காது. ரத்தத்தில் அதன் உச்சம் ஆறு நாள் கழித்துத்தான் வரும். பக்கவிளைவு வந்தால் வாரக்கணக்கில் திரும்ப எடுக்கவே முடியாது. ஃப்ளூபெனசின் டெகனோவேட்டும் இதே இனம். அந்த நாளிலிருந்து நீண்டநாள் ஊசிகளைச் சிவப்பு நாடா சுற்றிய தனிப்பெட்டியில் வைக்கிறோம், அவசரப் பெட்டிக்குள் அவை வருவதே இல்லை. உடைக்கும் முன் பெயரை முழுவதும், கடைசிச் சொல் வரைக்கும், இருவரும் வாய்விட்டுப் படிக்கிறோம்.

மற்ற மருந்துகளிலும் தடுமாற்றம் உண்டு. ஓலன்சபைன் ஊசி 10 மி.கி. பொடியாக வரும். 2.1 மி.லி. ஊசிநீரில் கரைத்து ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். அதோடு லோராசிபம் போன்ற ஊசியைச் சேர்த்துப் போட்டால் மூச்சும் ரத்த அழுத்தமும் விழும். டயசிபத்தைத் தசையில் போட்டால் உறிஞ்சப்படுவது சீராக இருக்காது, அதனால் தவிர்க்கிறோம். புரோமெதசினைத் தசைக்குள் ஆழமாகப் போட வேண்டும். தோலுக்கடியிலோ தமனியிலோ போனால் திசு அழுகிவிடும். முதியவருக்கும் மெலிந்தவருக்கும் பாதி அளவோ அதற்கும் குறைவோ போதும் என்பார் மருத்துவர், அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

அசையும் ஒருவருக்குப் பிட்டத்தில் போடுவதைவிடத் தொடையின் வெளிப்பக்கம் பாதுகாப்பு. நரம்பில் பட வாய்ப்பு குறைவு. பிடிக்க வேண்டி வந்தால் கை கால் மூட்டுகளை மட்டும், மல்லாந்தோ பக்கவாட்டிலோ, ஊசி முடியும்வரை மட்டும். குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஏறி அமுக்குவதை யார் செய்தாலும் தடுத்து நிறுத்துங்கள். மூச்சு நின்று இறந்துபோவார்கள். சங்கிலியால் கட்டுவதை 95-ஆம் பிரிவு எந்த வடிவிலும் அனுமதிப்பதில்லை. ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கிடந்தவர்கள் தீயிலிருந்து தப்பி ஓட முடியாமல் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. வீட்டில் சங்கிலியைப் பார்த்தால், அதை அவிழ்ப்பதும் அன்றைய உங்கள் வேலைதான்.

8. ஊசிக்குப் பிறகு கிளம்பாதீர்கள்

அமைதியாகிவிட்டார் என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது வழக்கமாக நடக்கும் தவறு. ஆபத்து அமைதியில்தான் ஆரம்பிக்கிறது. முதல் ஒரு மணி நேரம் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு, நாடி, பி.பி., ஆக்சிஜன், காய்ச்சல், கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்று பாருங்கள். தூங்குகிறவரைப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்குக் கீழே போனால் ஆம்பு பையைக் கையில் எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

அடங்கவில்லை என்று பத்தே நிமிடத்தில் இரண்டாவது ஊசிக்குப் போகாதீர்கள். முதல் மருந்து இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், இரண்டும் ஒன்றாக உச்சத்துக்கு வரும். இடைவெளியை மருத்துவரிடம் கேட்டது இதற்காகத்தான்.

வீட்டாருக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டு வாருங்கள். ஒன்று, அடுத்த ஓரிரு நாளில் கழுத்து ஒருபக்கம் திருகிக்கொள்வது, கண் மேலே செருகுவது, நாக்கு தடித்து வெளியே தள்ளுவது. இளைஞர்களுக்கு இது அதிகம். பார்க்கிறவர்கள் ‘ஏதோ ஏறிவிட்டது’ என்று பயந்து வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போய்விடுவார்கள். மருந்தால் வந்தது, அதைச் சரிசெய்யும் ஊசி போட்டால் சில நிமிடங்களில் சரியாகும், உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லுங்கள். இரண்டு, உடம்பு விறைத்து, கடும் காய்ச்சலோடு வியர்த்து, குழம்பினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனை.

9. மாத்திரையைக் கையில் கொடுப்பதற்கான விதிகள்

ஊசியைவிட அதிகம் வரும் தேவை இதுதான்: மாத்திரை தீர்ந்துவிட்டது, அடுத்த ஓ.பி. வியாழக்கிழமை. இதை நெருக்கடியாக மாறாமல் தடுப்பதே பெரிய உதவி.

அரசுத் திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையங்களில் பணிபுரியும் செவிலியர், அந்தத் திட்டத்தின் மருந்துகளை விற்பனை உரிமம் இல்லாமலே வழங்க மருந்துகள் விதிகள் 1945-இன் அட்டவணை கே விலக்கு தருகிறது. இது வழங்குவதற்கான விலக்கு மட்டும். எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவுசெய்யும் உரிமையை இது தரவில்லை. தொண்டு நிறுவனத்தில் இருப்பவர்கள் இந்த விலக்கை நம்ப முடியாது. அங்கே மருத்துவர் தன் நோயாளிக்குத் தானே வழங்க வேண்டும், அல்லது சீட்டோடு மருந்துக்கடைக்குப் போக வேண்டும். டயசிபம், அல்பிரசோலம், ஜோல்பிடம் போன்றவை அட்டவணை எச்1-இல் இருப்பதால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் வாங்கித் தரச் சொல்லி அவரை நெருக்காதீர்கள்.

அளவு குறைவாக இருக்கட்டும். அடுத்த மருத்துவர் சந்திப்பு வரை எத்தனை நாளோ அத்தனை நாளுக்கு மட்டும். தற்கொலை எண்ணம் உள்ளவர் வீட்டில், அளவு மிஞ்சினால் உயிரைப் பறிக்கும் அமிட்ரிப்டிலின், லித்தியம் இரண்டும் மொத்தமாகக் கிடக்கக் கூடாது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பட்டைகளை வாங்கி எண்ணிப் பாருங்கள். ஒருமுறை மாத்திரை தீர்ந்துவிட்டது என்று அழுத வீட்டில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு மாதத்துப் பட்டைகள் பிரிக்காமல் இருந்தன. சப்ளையில் மாத்திரையின் நிறம் மாறியிருந்தது. “இது என் மாத்திரை இல்லை” என்று அவர் தொடவே இல்லை. அங்கே தேவைப்பட்டது புதிய மாத்திரை இல்லை, பழைய பட்டையையும் புதிய பட்டையையும் அருகருகே வைத்து மருந்தின் பெயரைக் காட்டிப் பத்து நிமிடம் பேசுவதுதான்.

விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று எல்லா மருந்துக்கும் நினைக்காதீர்கள். குளோசபின் என்ற மனநோய் மருந்து 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் பழைய அளவைக் கொடுக்கவே கூடாது. 12.5 மி.கி.யிலிருந்து மறுபடி ஏற்றிக்கொண்டு வர வேண்டும். இல்லையேல் ரத்த அழுத்தம் சரிந்து விழுவார், இதயமும் நிற்கலாம். கடைசியாக எந்த நாள், எந்த வேளை எடுத்தார் என்று கேட்காமல் குளோசபின் பட்டையை நீட்டாதீர்கள். லித்தியம் எடுப்பவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, கை நடுக்கம், தள்ளாட்டம் இருந்தால் புதிய மாத்திரை கொடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள், நச்சளவு ஏறியிருக்கலாம்.

ஒருவர் வீட்டில் மிச்சமான மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுப்பது நல்லெண்ணத்தில் நடக்கும் தவறு. “அடுத்த தெரு பையனுக்கும் இதே மாத்திரைதானே” என்ற நினைப்பில் அளவு மாறும், ஒவ்வாமை விடுபடும், காலாவதித் தேதி தெரியாமல் போகும். கூடாது.

சோற்றிலோ காபியிலோ கலந்து கொடுக்க மருந்து கேட்பார்கள். கொடுக்காதீர்கள். ஒப்புதல் என்ற அடிப்படையையே அது உடைக்கிறது. அதோடு, ஒருநாள் அவருக்குத் தெரிந்துவிட்டால் சாப்பாட்டையே சந்தேகிப்பார். விஷம் வைக்கிறார்கள் என்ற பயம் ஏற்கெனவே உள்ளவருக்கு அந்தப் பயத்தை நாமே உண்மையாக்கிக் கொடுத்ததாகிவிடும்.

உறையில் தமிழில் எழுதுங்கள்: பெயர், மருந்து, அளவு, எத்தனை நாளுக்கு, காலையா இரவா, யாரிடம் கொடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுங்கள்.

10. 72 மணி நேரம்

வீட்டில் தந்த அவசர சிகிச்சைக்கு 72 மணி நேரமே ஆயுள். அதற்குள் மனநல நிறுவனம் ஒன்றில் மதிப்பீடு நடந்துவிட்டால் அப்போதே முடிந்துவிடுகிறது. அரசு அறிவித்த பேரிடர் காலத்தில் மட்டும் ஏழு நாள் வரை போகலாம். முதல் டோஸ் கொடுத்த நிமிடத்திலிருந்து கணக்கு வையுங்கள். நான்காம் நாளும் போய் இன்னொரு ஊசி, அடுத்த வாரம் இன்னொன்று என்று இழுப்பது சட்டத்துக்கு வெளியே போய்விடும்.

மருத்துவமனைக்குக் கொண்டுபோவதையே இந்தப் பிரிவு அவசர சிகிச்சையின் பகுதியாகத்தான் சொல்கிறது. ஆகவே ஊசி போட்ட கையோடு ஆம்புலன்ஸுக்கு ஏற்பாடு செய்யுங்கள். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஆம்புலன்ஸ் ஊழியர் கையில் கொடுங்கள். உறவினர் வாயில் சொல்லி அனுப்பினால் “ஏதோ தூக்க ஊசி” என்றுதான் போய்ச் சேரும். அங்கே பணியில் இருப்பவர் தெரியாமல் அதே மருந்தை மறுபடி போடக்கூடும்.

11. எழுத வேண்டியது

அன்றிரவே எழுதுங்கள். ‘நோயாளி கட்டுக்கடங்காமல் இருந்தார், ஊசி போடப்பட்டது’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதுங்கள்:

“மாலை 6.40: கிணற்றை நோக்கி இருமுறை ஓடினார், தம்பி தடுத்தார். சர்க்கரை 104, காய்ச்சல் இல்லை, மது வாடை இல்லை, இடம் நேரம் தெளிவு. 6.50: மருத்துவ அலுவலரிடம் போனில் தெரிவித்தேன், உத்தரவு திரும்பப் படிக்கப்பட்டது, உடனிருந்த செவிலியர் கேட்டார். 6.55: நோயாளியிடம் மாத்திரை கேட்டேன், மறுத்தார். தாய் ஒப்புதல் தந்தார், கைரேகை. 7.00: ஹாலோபெரிடால் 5 மி.கி., புரோமெதசின் 50 மி.கி., இடது தொடை, இரு தனி ஊசிகள். தம்பி கையை இரண்டு நிமிடம் பிடித்தார். 7.15: மூச்சு 18, கூப்பிட்டால் கண் திறக்கிறார்.”

ஒவ்வொரு வரியிலும் ஒரு நேரம், கண்ட ஒரு செயல். தீர்ப்புச் சொற்கள் வேண்டாம். தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பார்க்கும் உரிமை 25-ஆம் பிரிவில் நோயாளிக்கு உண்டு. குணமான பிறகு அவரே வாசிக்கப்போகிறார் என்ற நினைப்போடு எழுதுங்கள். அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று விசாரித்தால், நோய் பற்றியோ ஊசி பற்றியோ ஒரு சொல்கூடச் சொல்லாதீர்கள்.

திரும்பி வந்ததும் உடைந்த ஆம்பியூல்களின் பெயரையும் தொகுதி எண்ணையும் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கழிவில் போடுங்கள். லோராசிபம் எடுத்துப்போய்ப் பயன்படுத்தாமல் கொண்டுவந்திருந்தால் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து, வெளியே இருந்த நேரத்தை அட்டையில் குறியுங்கள். பயன்படுத்தியதற்கு ஈடாக அன்றிரவே பெட்டியை நிரப்பிவிடுங்கள். மறுநாள் காலை அந்தத் தாய்க்கு ஒரு போன்: தூங்கினாரா, கழுத்து திருகியதா, ஆஸ்பத்திரியில் பார்த்தார்களா?